பானட்டுக்குள் இருந்த சிவப்புக் கறை

சம்பங்கி அண்ணன் போய்விட்டார். காலை ஆறரைக்கு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி. ஹார்ட் அட்டாக். நாற்பத்து மூன்று வயது.

போன் போட்டுக் கேட்டேன். உண்மைதான்.

தெரியாதவர்களுக்கு... ஓசூரில் நான் முதலில் வேலை பார்த்த கார் சர்வீஸ் சென்டரில் அவர் டிரைவர். வேலை முடிந்த வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, கஸ்டமரிடம் சாவி கொடுப்பவர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், ஹைவேயில் குறுக்கே வருபவனைத் திட்ட மட்டும் கன்னடம்.

எனக்கும் அவருக்கும் ஆகாது. நான் பி.இ. மெக்கானிக்கல்... இவர் சொல்லி நான் என்ன கேட்பது என்று இருந்தேன். அவரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இன்னா இன்ஜினியரு, இன்னிக்கி எத்த கழட்டப் போற?" இதுதான் அவருடைய குட் மார்னிங்.

உருகி உருகி எழுத எனக்கு வராது. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம். புரொபேஷன். நான் கெட்டுவிட்டது என்று கழற்றச் சொன்ன இரண்டு பார்ட்ஸ் கம்பெனிக்குப் போய், 'இதில் குறையே இல்லை' என்று பதில் வந்திருந்தது. சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"மூணாவது ஒண்ணு இப்பிடி வந்துச்சின்னா, நீயே லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போயிடு தம்பி."

அந்த வாரம்தான் அந்த வெள்ளைக் கார் வந்தது. குருபரப்பள்ளிப் பக்கம் புதினா போடுகிற ஒருவருடையது. வாங்கி ஒரு மாதம், முதல் சர்வீஸ்.

பானட்டைத் திறந்தேன். வாட்டர் பம்ப் பக்கம் சிவப்பாக ஒரு கறை. வழிந்து காய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. இன்ஜின் சூடாகாமல் இருக்க அந்த வண்டிக்கு ஊற்றுகிற கூலன்ட்டும் சிவப்பு.

பம்ப் சீல் லீக். ஐந்து நிமிடத்தில் முடிவு கட்டிவிட்டேன். லீக் இருக்கிறதா என்று காட்டும் பிரஷர் டெஸ்டர் பக்கத்து வண்டி நிற்கிற இடத்தில் இருந்தது, போய் எடுத்து வரப் பொறுமை இல்லை. 'பம்ப் மாற்ற வேண்டும்' என்று ஜாப் கார்டில் எழுதியாயிற்று.

சம்பங்கி அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இது லீக் இல்லப்பா. ஆரத்தி."

"அண்ணே, இது இன்ஜின். கல்யாண மண்டபம் இல்ல."

"பம்ப்பு கீழ இருக்குது. கற மேல கவர்ல இருந்து வழிஞ்சிருக்குது. கூலன்ட்டு என்னா மரம் ஏறுமா?"

ஃபேன் காற்றில் தெறித்திருக்கும் என்றேன். அவர் எதிர் டீக்கடைக்குப் போய், லெமன் டீக்கு வெட்டி வைத்திருந்த அரை எலுமிச்சையோடு வந்தார். வேஸ்ட் துணியில் பிழிந்து, கறைமேல் வைத்து அழுத்தினார்.

துணி மஞ்சள். அழுத்திய இடமும் மஞ்சள்.

அப்போதுதான் பிடிபட்டது பாருங்கள்... மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. அதில் புளிப்புப் பட்டால் திரும்பவும் மஞ்சள். ஸ்கூல் லேபில் செய்து மார்க் வாங்கியவன் நான். எந்தக் கூலன்ட்டும் இப்படி நிறம் மாறாது. அந்த வெள்ளைப் பொருக்கு சுண்ணாம்பு.

எலுமிச்சையை அவர் கையிலிருந்து பிடுங்கி நாலு இடத்தில் தேய்த்தேன். நாலும் மஞ்சள். ஷெட்டில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன்.

லவுஞ்சுக்கு ஓடினேன். அந்த விவசாயியும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வண்டிக்குப் பூஜ போட்டீங்களா?"

"போன ஞாயித்துக்கெழம கோயில்ல போட்டோம் சார்."

"ஆரத்தி எங்க ஊத்துனீங்க?"

அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. "பானட்ட தெறந்துதான். ஓடறது இன்ஜின்தானே? திருஷ்டி அதுக்குத்தானே சுத்தணும்?"

என்ன சொல்வது... லாஜிக்கில் ஓட்டை இல்லை.

இந்த முறை பிரஷர் டெஸ்டரை நானே தூக்கி வந்து மாட்டினேன். முள் அசையவில்லை. பம்ப் நன்றாக இருக்கிறது.

சூப்பர்வைசர் வந்தார். ஜாப் கார்டில் பம்ப் வரியை நான் அடித்திருந்ததைப் பார்த்தார். "யாருப்பா கண்டுபிடிச்சது?"

"நான்தான் சார்."

வந்துவிட்டது வாயில். சம்பங்கி அண்ணன் அந்த மஞ்சள் துணியோடு பக்கத்திலேயே நிற்கிறார்.

"படிச்ச படிப்பு வீணாப் போவல சார்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, அடுத்த வண்டியை எடுக்கப் போனார். அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது.

ஆனால் அவர் என்னைச் சும்மா விடவில்லை. கேன்டீனில் என் சட்டையில் தக்காளிச் சட்னி சிந்தினால் போதும். "இன்ஜினியரு, லெமன் கொண்டாரவா?"

பிறகு ஒரு பர்கூர் டாக்ஸி. அதே மாதிரிச் சிவப்புக் கறை. நான்தான் இப்போது எக்ஸ்பர்ட் ஆயிற்றே... 'ஆரத்தி, கழுவிக் கொடுத்துவிடலாம்' என்று எழுதிவிட்டேன்.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த சம்பங்கி அண்ணன் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"தர மாட்டேன். உள்ள கூலன்ட்டு கசியற மாதிரி இனிப்பா ஒரு வாசன வருது."

"கஸ்டமர் கத்தறாருண்ணே."

"கத்தட்டும். இப்பிடியே போனா கிருஷ்ணகிரி தாண்டறதுக்குள்ள இன்ஜின் வெந்துடும். அப்ப ரோட்டுல நின்னு கத்துவாரு."

எலுமிச்சை வைத்தேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கூலன்ட் ஹோஸில் மயிரிழை விரிசல். அந்த ஜாப் கார்டிலும் கண்டுபிடித்தவர் என்று என் பெயர்தான் போனது. அவர் கேட்கவும் இல்லை. நான் சொல்லவும் இல்லை.

சூப்பர்வைசர் சார், நீங்கள் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள். அந்த வெள்ளைக் காரில் கண்டுபிடித்தது நான் இல்லை, சம்பங்கி அண்ணன். பர்கூர் வண்டியும் அவர்தான்.

அவர் ஊர் சூளகிரியில் மதியம் மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வந்துட்டிருக்கேண்ணே...