ஞாயிற்றுக்கிழமை பீடி

போன வாரம் பாலக்கோடு தக்காளி மண்டிப் பக்கம் போயிருந்தேன். கூடைகளெல்லாம் போய்க் கலர் கலராகப் பிளாஸ்டிக் பெட்டிகள். அவற்றின் நடுவே யாரோ ஒருவர் பீடி பற்றவைத்தார். பழுத்த தக்காளி வாடையும் பீடிப் புகையும் கலந்து வந்ததே ஒரு நெடி! என்னை அறியாமல் அந்த மனிதருக்குப் பின்னால் நாலு எட்டு நடந்துவிட்டேன். விட்டு எத்தனை காலமானால் என்ன, மூக்குக்கு வெட்கமே கிடையாது.

எண்பதுகளில் அதே மண்டியில்தான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். எதிரே வெங்காயக் கடை பஷீர், என் பீடித் தோழன். அப்போதுதான் என் மனைவி மேரி முழுகாமல் இருந்தாள். பீடி வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். தலைப்பிரசவத்துக்கு இண்டூர் தாய்வீட்டுக்குக் கிளம்பியவள், பஸ் படியில் நின்றபடி சொன்னாள்: “பீடி நாத்தத்தோட வந்தீங்கன்னா புள்ளயத் தொட வுடமாட்டேங்க. சொல்லிட்டேன்.” பஸ்ஸே கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. அந்த நாட்களில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவது எங்கள் கோயில்காரர்களின் வழக்கம். ஒருவர் கறியை விடுவார், ஒருவர் சினிமாவை. நான் வருஷா வருஷம் பாகற்காயை விடுகிறவன். அந்த வருஷம் துணிந்து பீடியை விட்டேன்! ஆனால் ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், தவக்காலக் கணக்கில் சேராது, சாமியாரே சொன்னதுதான். ஆகவே வாரமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து, ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டிக்கு ஓடி, பஷீர் கடை வாசலில் விட்டதையெல்லாம் சேர்த்து இழுத்துவிடுவேன்.

பிறக்கப்போகும் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? ஒரு ஞாயிறு விடியலில் பிறந்துவிட்டது. மச்சினன் பஸ் பிடித்து வந்து, “மாமா, பொண்ணு பொறந்துருக்குது!” என்று கத்தியபோது என் கையில் பீடி பாதி எரிந்துகொண்டிருந்தது.

“அட மவராசா, இப்பிடியேவா போவ?” என்று பஷீர் பதறினான். தான் போட்டிருந்த அத்தர் மணக்கும் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டினான். கொத்துமல்லி ஒரு கட்டு, கொய்யா இலை ஒரு கொத்து கையில் திணித்தான். தர்மபுரி போய் பஸ் மாறி இண்டூர் போகும் வரை ஆடு மாதிரி மென்றுகொண்டே போனேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். இண்டூரில் இறங்கி ஓடினேன் பாருங்கள், அப்படி ஓட்டம் நான் பள்ளிக்கூடத்தில்கூட ஓடியதில்லை.

மாமியார் துணியில் சுற்றிய பிள்ளையை நீட்டினார். செக்கச்செவேல் என்று, தலை நிறைய முடி!

“இரும்மா,” என்றாள் மேரி கட்டிலில் இருந்து. “எங்க, ஊதுங்க.”

ஊதினேன். அத்தர், கொத்துமல்லி, கொய்யா எல்லாவற்றையும் தாண்டி அவள் மூக்கு பீடியைப் பிடித்துவிட்டது.

“இன்னிக்கி ஞாயித்துக்கெழம மேரி. தவக்காலக் கணக்குல வராது.”

“அப்ப இன்னிக்கிப் பொறந்தவளும் கணக்குல வரமாட்டாளுங்களா?”

மாமியார் பிள்ளையைத் திரும்ப அணைத்துக்கொண்டார். எட்ட நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். பஸ்ஸில் அழுகை அழுகையாக வந்தது. மறுநாள் சட்டையோடு பீடிக்கட்டையும் பஷீரிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே இண்டூர். கேட்பதற்கு முன்பே ஊதினேன். “இன்னொருக்கா,” என்றாள். ஊதினேன். “குடும்மா,” என்றாள். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மகள் என் சட்டையை நனைத்தாள். பஷீரிடம் காட்டுவதற்காக அதைத் துவைக்காமலே மண்டிக்குப் போட்டுக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு நான் பீடியைத் தொடவில்லை. ஆனாலும் மேரி என்னை நம்பவில்லை. தினமும் சாயங்காலம் வாசற்படியில் நிறுத்தி மோந்து பார்த்துத்தான் வீட்டுக்குள் விடுவாள். மகளுக்குக் கல்யாணமாகிப் போன பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை.

கொரோனா வந்து போனதில் மேரிக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. குழம்பு தீய்ந்தாலும் நான்தான் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் வாசற்படியில் நின்று ஊதிக் காட்டுகிறேன்.

“நம்பறேங்க, உள்ள வாங்க,” என்கிறாள்.

உள்ளே போவதற்குக் கால் வருவதில்லை.