எங்கள் பழைய உத்தியோகங்கள்

சமரசம் சொல்லிக்கொடுத்த எங்கள் மூவரில் ஒருவர்கூட அதைப் படித்துவிட்டு வந்தவர் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் இருந்தது எங்கள் இடம். குடும்பச் சண்டையையும் வேலையிடத்துச் சண்டையையும் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்துவைக்க விரும்பிய தொண்டர்களுக்குச் சனிக்கிழமைகளில் பயிற்சி கொடுத்தோம். மற்ற நாட்களில் வருகிற சண்டைகளுக்கு நாங்களே நடுவில் உட்கார்ந்தோம். முதல் வகுப்பிலேயே யாராவது எழுந்து, "நீங்கல்லாம் முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். நியாயமான கேள்விதான். இருந்தாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

நான் கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். இரண்டாமவர் துறைமுகத் தொழிற்சங்கத்தில் காலம் தள்ளியவர். மூன்றாவது, டெலிபோன் எக்சேஞ்சில் வெளியூர் டிரங்கால்களுக்கு லைன் இணைத்துக் கொடுத்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து அம்மா. உத்தியோகத்தை விட்டாலும் உத்தியோகம் நம்மை எங்கே விடுகிறது? பயிற்சிக்கு வந்த பெரிய மனிதர் ஒருவரிடம், "தப்பு. உட்கார்ந்து யோசிச்சிட்டுத் திரும்பச் சொல்லுங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன். சங்கத்துக்காரர், பிரிந்துபோக வந்த புருஷன் பெண்டாட்டியிடம், "முதல் கோரிக்கை என்ன?" என்று மேசையைத் தட்டுவார். அந்த அம்மா மட்டும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார். இவருக்கு எதற்கு இந்த வேலை என்று பல நாள் எனக்கு எரிச்சலாக இருந்திருக்கிறது.

ஒரு நாள் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "டீச்சர், உங்கட தங்கச்சி கதைச்சவ. அவவுக்குச் சமரசம் வேணுமாம்."

"யாரோட?"

"உங்களோடதான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்று வருஷமாக நானும் என் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அவள் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம் என்பதை, அதற்கு முந்தின வாரம்தான் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை எடுக்க வந்த யாரோ ஒருத்தி சொல்லி எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது நான். அம்மை போட்டபோது பக்கத்தில் படுத்துக்கொண்டதும் நான்தான். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது நான் பிரிக்பீல்ட்ஸில் தனியாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேனோ என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. நானாகப் போகவும் மனசு வரவில்லை.

சண்டை வந்தது பள்ளிக்கூடத்தில். அரசுத் தேர்வு எழுதும் கடைசி வகுப்பான ஆறாம் வகுப்பை நான் வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்த பள்ளிக்கே என் தங்கை தலைமையாசிரியையாக மாற்றலாகி வந்தாள். ஊரே எங்களைப் பார்த்துப் பெருமைப்பட்டது, நானும் பெருமைப்பட்டேன். அந்த வருஷக் கடைசியில் ஆசிரியர் கூட்டம் நடந்தது. அத்தனை பேர் முன்னிலையில், அடுத்த ஆண்டு ஆறாம் வகுப்பு வேறொருவருக்கு, எனக்கு இரண்டாம் வகுப்பு என்று அறிவித்தாள். அக்காவிடம் அதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எழுந்து, "சரிங்க மேடம்" என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடமும், "உட்காருங்க மேடம்" என்றேன். விருப்ப ஓய்வுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிள்ளானையே விட்டு வந்தேன்.

சமரசம் நடந்த அன்று நான் வழக்கமாக உட்காருகிற நாற்காலியில் அந்த அம்மா உட்கார்ந்தார். பக்கத்தில் சங்கத்துக்காரர். எதிரில் நானும் தங்கையும். அவள் இளைத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள், அது எனக்குத் தெரியாது. சங்கத்துக்காரர் விதிகளை வாசித்தார். குறுக்கே பேசக்கூடாது, குரலை உயர்த்தக்கூடாது. இரண்டும் பயிற்சிக்காக நானே எழுதிக்கொடுத்தவை.

நான்தான் முதலில் பேசினேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று கட்டுரை போலவே பேசினேன். பேசி முடித்ததும் சங்கத்துக்காரர் வாயெடுக்கப் போனார், அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தார். நானாக இருந்தால் அந்த இடத்தில் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

கடைசியில் தங்கை பேசினாள். "ஆறாம் வகுப்பை உன்கிட்டேருந்து எடுத்தது சரிதான். இப்பவும் அதையேதான் செய்வேன். அந்தப் பிள்ளைங்க உன்னைப் பார்த்து நடுங்குச்சுங்க. சின்னப் பிள்ளைங்ககிட்ட நீ வேற ஆளு."

எனக்கு முகம் சூடானது. ஆனால் அதில் பொய் இல்லை. "அதைத் தனியா சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"சொல்லியிருக்கணும். பயமா இருந்துச்சு. நீ கத்துவியேன்னு பயந்து கூட்டத்துல சொல்லிட்டேன். அது தப்பு. வீட்டுக்கு வந்தா நீ உரிச்சு எடுத்துடுவேன்னு நெனச்சு, திட்டு வாங்கிக்கலாம்னுதான் அன்னிக்கு வந்தேன்." அவள் நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தாள். "நீ ஒரு வார்த்தை திட்டல. மேடம்னு சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டே. பால்காரன்லேருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் எல்லாரையும் திட்டுற, என்னை மட்டும் மரியாதையா அனுப்பி வெச்சே. நான் யாரோ ஆயிட்டேன்னு அன்னிக்கே தெரிஞ்சு போச்சு."

நான் அவளுக்குக் கொடுத்த மரியாதைதான் எனக்கு இருந்த ஒரே கௌரவம் என்று மூன்று வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அது இப்படிப் போய்க் குத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தங்கை கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எழுந்து போகப் போகிறாள் என்றே நினைத்தேன். அப்போது, வெளியாட்களிடம் கேட்பது போல மெதுவாகக் கேட்டாள். "கல்யாணம் அடுத்த மாசம். முடிஞ்சா வருவீங்களா?"

"முடிஞ்சாவா?" என்றேன். அதற்குமேல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. "என்னடி கேட்ட? நான் வளர்த்த புள்ள கல்யாணத்துக்கு என்னையே முடிஞ்சா வாங்கன்னு கேக்குறியா? அறிவு இருக்கா உனக்கு? பத்திரிகை அடிச்சு ஊருக்கெல்லாம் குடுத்தாச்சு, பெரியம்மாக்காரி நான், எவளோ சேலை வாங்க வந்தவ வாயால கேட்டுத் தெரிஞ்சுக்கணும், அப்படித்தானே? கண்ணாடி எப்ப போட்ட? யார்கிட்ட சொன்ன? மூஞ்சியப் பாரு, சாப்பிடுறியா இல்லியா?"

கீழே சேலைக்கடைக்கே கேட்டிருக்கும். சங்கத்துக்காரர் பதறி எழுந்தார். "டீச்சர், டீச்சர், நீங்க எழுதின ரூலை நீங்களே மீறுறீங்க லா."

அந்த அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். "ரெண்டு பக்கமும் லைன்ல இருக்கினம். நீங்க இடையில போகாதேங்கோ."

நான் நிறுத்தவில்லை. மண்டபம் எது, சமையல் யார், மாப்பிள்ளை வீட்டில் யார் போய்ப் பேசியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் திட்டினேன். தங்கைக்குக் கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, தண்ணீர் கிளாசை எடுத்தேன்.

நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு அவள் கேட்டாள்.

"அப்புறம்?"