ரொடேலியோவின் ஐந்தாவது ரவுண்டு

ரொடேலியோ எதையும் வாயில் வைப்பதற்கு முன்பே "நல்லாருக்கு" என்று சொல்லிவிடுவார். கையில் வாங்கியதும் சொல்வார், அப்புறம்தான் கடிப்பார். நான்கு வருடம் பார்த்தேன், ஒரு தடவைகூட இந்த வரிசை மாறவில்லை. முதலில் மரியாதை என்று நினைத்தேன். பிறகு பயம் என்று தோன்றியது. இப்போது எந்தப் பெயரும் வைக்கத் தோன்றவில்லை.

அவர் பிலிப்பைன்ஸில் இலோய்லோ பக்கத்துக்காரர். எங்கள் ஊர் இறைச்சி ஆலையில் எலும்பிலிருந்து கறியைப் பிரிக்கும் வேலைக்கு நான்கு வருட விசாவில் வந்தார். முழுப்பெயரையும் சொல்லும் பொறுமை எங்கள் ஊருக்குக் கிடையாது. இரண்டாம் நாளே அவர் 'ராட்' ஆகிவிட்டார். என் அப்பா கிளென் அந்த ஆலையில் ஃபோர்மேன். நான் அப்போது பக்கத்து நகரமான வாகாவில், கல்லூரியில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கு மேல் படித்த முதல் ஆள் நான்தான். வெள்ளியும் சனியும் ஊருக்கு வந்து ரயில்வே பப்பில் பீர் ஊற்றுவேன்.

ஆலை வருடத்துக்கு மூன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களை நிரந்தர விசாவுக்குப் பரிந்துரைக்கும். பிப்ரவரியில் பட்டியல் போகும். பெயர்களை எழுதிக் கொடுப்பவர் அப்பா. அதில் ஏறினால் ராடின் மனைவி லோர்னாவும் மகள் ஜோவலினும் இங்கே வந்து சேரலாம். ஏறாவிட்டால் நான்காம் வருட முடிவில் அவர் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த மனிதருக்கு இதைத் தவிர வேறு யோசனையே இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி சாப்பாடு.

வந்த முதல் வாரம், காலை பத்து மணி இடைவேளையில், மேக்கா அவரிடம் வெஜிமைட் ஜாடியை நீட்டினார். மேக்கா அங்கே இருபது வருடமாகக் கத்தி பிடிக்கிறவர்.

"எங்க ஊரு சாக்லேட், மேட். ஒரு ஸ்பூன் நல்லா அள்ளிப் போடு."

"நல்லாருக்கு" என்றார் ராட். ஸ்பூனை வாயில் விட்டார். தாரைப் போலக் கறுப்பாக இருக்கும் அந்த உப்புக் களிம்பை நாங்களே ரொட்டியில் நிறம் தெரிகிற அளவுக்குத்தான் தடவுவோம். அவர் கண்ணில் நீர் கொட்டியது. முழுங்கிவிட்டு இன்னொரு ஸ்பூன் கேட்டாராம். ஆலையே விழுந்து விழுந்து சிரித்ததாக அப்பா வீட்டில் சொன்னார்.

பிறகொரு நாள் இதைப் பற்றி ராடிடம் கேட்டேன். "கஷ்டமா இல்லையா?"

"எதுக்கு மேடம்? எல்லாரும் சிரிச்சாங்க. என்னைச் சேத்துக்கிட்டாங்க."

"மேடம்னு கூப்பிடாதீங்க. ப்ரீன்னு கூப்பிடுங்க."

"சரிங்க மேடம்."

அப்பாவையும் அவர் சார் என்றுதான் கூப்பிட்டார். "சார்னு நீ கூப்பிடும்போதெல்லாம் பேங்க்காரன் பின்னால வந்து நிக்கிறானோன்னு திரும்பிப் பாக்கறேன்யா" என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "மன்னிச்சுக்கோங்க சார்" என்பார்.

அவர் தின்று பழகியதற்கு அளவே கிடையாது. கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தின் மேல்மூடியில் விரலால் ஓட்டை போட்டுத் தக்காளி சாஸை உள்ளே பிழியக் கற்றார். அதற்கு முன் இரண்டு வாரம் நாக்கு வெந்தது. சனிக்கிழமை இரும்புச் சாமான் கடை வாசலில் நிதி திரட்டச் சுடுகிற சாசேஜை, ஒற்றை ரொட்டியில் வெங்காயத்தோடு மடித்துத் தின்றுகொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் கையாட்டுவார். லாமிங்டன் கேக் மட்டும் அவருக்கு நிஜமாகவே பிடித்தது. மேலே தேங்காய்த் துருவல் என்பதால் இருக்கலாம். பர்கரைப் பிரித்துப் பார்த்து, "இந்த பீட்ரூட் எதுக்கு மேடம் உள்ள இருக்கு?" என்று ரகசியமாகக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. எப்போதும் இருக்கும், அவ்வளவுதான்.

ஒவ்வொன்றையும் தின்னும்போது மகளுக்கு வீடியோ அனுப்புவார். ஒரு கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய பெட்டியில் இரண்டு ஜாடி வெஜிமைட் போட்டார். ஜோவலின் தினமும் காலையில் ரொட்டியில் தடவித் தின்று பழகினாள். இங்கே வந்து பள்ளியில் சேரும்போது மற்ற பிள்ளைகள் முன்னால் முகம் சுளித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சிறுமி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குகிற வீடியோவை ராட் எனக்குக் காட்டினார். அப்போது சிரித்தேன்.

பப்பில் அவர் கவுண்டரின் ஓரத்தில் நின்று, தன் காசில் போதையில்லாத இஞ்சி பீர் வாங்கித் தனியாகக் குடிப்பார். மூன்று வருடம் அப்படியே போனது.

நான்காவது வருடம், நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மேக்காவின் மணிக்கட்டு பிசகிவிட்டது. மதியம் முழுக்க அவர் பங்குக் கறியையும் ராடே பிரித்துக் கொடுத்தார். அன்று மாலை மேக்கா அவர் தோளில் கை போட்டு மேசைக்கு இழுத்து வந்தார். "அந்தப் பாப்பா தண்ணிய வச்சிட்டு வாடா இங்க. இன்னைக்கு எங்களோட நில்லு." மேசையில் அப்பா, ஆலையில் வேலை செய்கிற டிரெவ், லாரி ஓட்டுகிற கோலின். ராடோடு ஐந்து பேர்.

எங்கள் ஊரில் ஐந்து பேர் சேர்ந்து நின்றால் ஐந்து ரவுண்டு. ஒருவர் ஐவருக்கும் வாங்குவார், அடுத்ததை அடுத்தவர். யார் முறை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லும்படி ஆகிவிட்டால் அதுவே அந்த ஆளுக்குக் கேவலம். மனைவியை அடித்துக் கோர்ட் வரை போன ஒருவர் இரண்டே வருடத்தில் பழைய மேசைக்குத் திரும்பிவிட்டார். நாலு பேர் காசில் குடித்துவிட்டுத் தன் முறை வருமுன் கிளம்பிய எவரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

மேக்கா முதல் ரவுண்டு. டிரெவ் இரண்டாவது. கோலின் மூன்றாவது. நான்காவதை அப்பா வாங்கினார். ஒவ்வொரு கிளாஸையும் ராட் இரண்டு கையாலும் வாங்கி, "நல்லாருக்கு" என்று சொல்லிக் குடித்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நான்கும் காலியானது. பேச்சு கொஞ்சம் தணிந்தது. டிரெவ் தன் காலி கிளாஸை மேசை நடுவுக்கு நகர்த்தினார். கவுண்டருக்குப் பின்னால் நான் நின்றேன். கூட்டம்கூட இல்லை. "ராட், இவங்களுக்கு என்ன ஊத்தட்டும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. ரவுண்டு விஷயத்தில் பீர் ஊற்றுகிறவள் தலையிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. கல்லூரியில் நாங்கள் இப்படிப்பட்ட வழக்கங்களைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தோம். என்ன நடக்கும் என்று பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது.

ராட் கடிகாரத்தைப் பார்த்தார். எழுந்தார். ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி சார். ரொம்ப நன்றி. லோர்னாகிட்ட சொல்லணும். உடனே சொல்லணும்." வெளியே இன்னும் வெயில் இருந்தது. சாலையைக் கடக்கும்போதே போனைக் காதில் வைத்துவிட்டார்.

"நாலு ஊத்தினோம், உறிஞ்சிட்டுக் கெளம்பிட்டான்" என்றார் டிரெவ்.

கூப்பிட்டது மேக்கா அல்லவா, அவருக்குத்தான் அதிக அவமானம். அப்பா போய் ஐந்தாவது ரவுண்டை நான்கு கிளாஸாக வாங்கி வந்தார்.

யாரும் ராடிடம் சண்டை போடவில்லை. பார்த்தால் தலையாட்டினார்கள், வானிலை பேசினார்கள். மேசைக்கு மட்டும் கூப்பிடவில்லை. பிப்ரவரியில் பட்டியல் போனது.

ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் அப்பா ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்தார்.

"ராட் பேரு இல்லையாமே?"

"மூணு பேருதான் போட முடியும், ப்ரீ."

"அந்த பீருக்காகவா?"

"பீருக்காக எவனாவது ஒருத்தன் பொழப்புல கை வைப்பானா?" கறியைத் திருப்பிப் போட்டார். "அவன் வேலை சுத்தம். குறையே சொல்ல முடியாது. ஆனா நாளைக்கு ஒரு கஷ்டம்னா கூட நிப்பானான்னு தெரியல. அதான்."

"எதை வச்சு அப்படிச் சொல்ற?"

அப்பா இன்னொரு துண்டைத் திருப்பினார்.

"அவருக்கு வழக்கம் தெரியாதுப்பா. யாராவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"இதையெல்லாம் போய் சொல்லிக் குடுப்பாங்களா? சொல்லிக் குடுத்து வாங்க வச்சா அதுக்கு என்ன அர்த்தம்? தட்டை எடு, தீயுது."

அப்பா கெட்டவர் இல்லை. அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன். எழுத எழுத, கெட்டவராக இருந்திருந்தால் பேசித் தீர்த்திருக்கலாமே என்று படுகிறது.

அடுத்த சனிக்கிழமை சாசேஜ் வரிசையில் ராடைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையில் ரொட்டி அப்படியே இருந்தது.

"எங்க ஊர்ல கூப்பிட்டவங்கதான் செலவு செய்வாங்க மேடம். ஒரே கிளாஸ், அதுவே சுத்தி வரும். கூப்பிட்டவங்க முன்னால நாம காசை எடுத்தா, உன் சோறு எனக்கு வேணாம்னு சொல்ற மாதிரி." ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "மூணு மாசமா எல்லாரும் இதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் எங்கிட்டப் பேசினாங்களா?"

"ஆமா."

"நீங்களும்?"

அவர் அதைக் கோபமாகக் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தேய்த்த சட்டையோடு அவர்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். நால்வரும் வந்து உட்கார்ந்ததும் ஐந்து கிளாஸ் கேட்டார். ஊற்றினேன். இரண்டு நடையாக எடுத்துப் போய் மேசையில் வைத்தார்.

"டாக்டர் குடிக்க வேணாம்னு சொல்லிட்டாரு மேட்" என்றார் மேக்கா.

"நான் வண்டி எடுக்கணும்" என்றார் டிரெவ். கோலின் கழிப்பறைக்குப் போனார்.

அப்பா மட்டும் அன்பாகவே சொன்னார். "வேணாம் ராட். இந்தக் காசை வீட்டுக்கு அனுப்பு."

ராட் நின்றுகொண்டே தன் கிளாஸைக் குடித்தார். அன்று எதுவும் சொல்லாமல் குடித்தார். அவர் போனதும் கோலின் வந்தார், மேக்கா எழுந்துபோய் நான்கு கிளாஸ் வாங்கினார். நுரை அடங்கிப்போன மற்ற நான்கையும் நான் தொட்டியில் கொட்டினேன்.

மார்ச்சில் விசா முடிந்தது. அவர் பஸ் ஏறிய செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் இருந்தேன். இப்போது கத்தாரில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. கிறிஸ்துமஸுக்கு மட்டும் செய்தி வரும். ஜோவலினுக்கு வெஜிமைட் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டதாம், எங்களைப் போலவே மெல்லிசாகத் தடவித் தின்றாளாம். இரண்டாவது ஜாடியும் தீர்ந்ததும் விட்டுவிட்டாளாம்.

என் படிப்பு முடிந்துவிட்டது. ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன், வெள்ளிக்கிழமைகளில் இன்னும் பீர் ஊற்றுகிறேன். போன குளிர்காலத்தில் ஆலைக்குக் கிழக்குத் தீமோரிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது மேக்கா சொன்னார்: "முன்னாடி ஒருத்தன் இருந்தானே, வெஜிமைட்ட ஸ்பூன்ல தின்னவன். பேரு என்னவோ. நல்லா வேலை செய்வான். நமக்கு ஒரு ரவுண்டு பாக்கி வச்சுட்டுப் போயிட்டான்."

அப்பா தலையாட்டினார்.

"அவர் வாங்கினாரே. அஞ்சு கிளாஸும் நான்தான் ஊத்தினேன்" என்றேன்.

"வாங்கினான்மா" என்றார் மேக்கா. "நாங்க குடிக்கலையே."

எங்கள் ஊர் வழக்கப்படி அவர் சொன்னது சரி. அந்த ரவுண்டு இன்னும் பாக்கிதான்.