ஊசி நுனி கிடைக்கும்வரை

“தொழிலாளி எண் 17. பெண். வயது நாற்பத்திரண்டு. தையல் பிரிவு. சாது, பயந்த சுபாவம். கவனக்குறைவால் இயந்திர ஊசியை உடைத்து, அதன் நுனியைத் தொலைத்து, நாற்பத்தைந்து நிமிட உற்பத்தி இழப்புக்குக் காரணமானவர். எச்சரிக்கை வழங்கப்பட்டது.”

கம்பெனிக் கோப்பில் இப்படி இருக்கிறது. இதில் எண் பதினேழு என்பது சரி. பெண் என்பதும் சரி. மற்றதற்கெல்லாம் கோப்புதான் பொறுப்பு.

அவளை எல்லோரும் மிளகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அந்த அளவு, குணமும் அந்த வகை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தலை தெரியாது, குரல் மட்டும் கேட்கும். பட்டறையை எட்டிப் பார்த்து விசிலடித்த ஒருவனின் விரல்மேல் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, “மன்னிச்சுக்கோ தம்பி, துணின்னு நினைச்சேன்” என்றவள். புருஷன் பதினாறு வருஷத்துக்கு முன்னால் படகேறிப் போனான். அவள் நாக்குக்குப் பயந்து ஓடிவிட்டான் என்பது ஊர்ப்பேச்சு. அவளிடம் கேட்டால், “ஓடினானா? டிக்கெட் எடுத்துக் கொடுத்ததே நான்தான்” என்பாள். பத்தொன்பது வருஷத் தையலில் அவள் கையில் ஓர் ஊசிகூட உடைந்ததில்லை. அந்தத் தீவின் உப்புக்காற்றில் ஊசி தானாகவே துருப்பிடித்து முறியும். அவள் தன் ஊசிகளை முகப்பவுடர் டப்பாவில் போட்டு, கைக்குழந்தையைப் போல் காப்பாற்றி வைத்திருந்தாள்.

துறைமுகத்தை ஒட்டிய பழைய வலைக்கிடங்கின் மாடியில் பட்டறை. பத்துப் பெண்கள், பத்து இயந்திரங்கள். வருஷம் முழுக்க வேர்த்து ஒழுகும் அந்த ஊரில் அவர்கள் தைத்தது ஒட்டுப்போர்வை: மேலே துண்டு துண்டாய் இணைத்த துணி, நடுவில் பஞ்சு, கீழே மெத்தென்ற அடித்துணி. பனி பெய்யும் தேசங்களுக்குப் போகிற சரக்கு. அதைப் போர்த்திக்கொண்டு பத்து நிமிஷம் படுத்தால் தீவுக்காரன் எவனும் அவிந்துபோவான். வேர்வை சொட்டிச் சரக்கு கறைபடக் கூடாது என்று எல்லோரும் நெற்றியில் துண்டு கட்டியிருப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சண்டைக்குக் கிளம்பிய கூட்டம் போலத் தெரியும்.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. என்றைக்கோ ஒரு போர்வைக்குள் முறிந்த ஊசி நுனி ஒன்று போய், எங்கேயோ ஒரு குழந்தையைக் குத்தி, மூவாயிரம் போர்வைகள் கப்பலேறித் திரும்பி வந்துவிட்டன. அதிலிருந்து ஊசி உடைந்தால் சூப்பர்வைசர் மணியை அழுத்துவார். வெளியே முக்காலியில் உட்கார்ந்திருக்கும் கேட்காரர் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டுவார். நுனி கிடைத்து, உடைந்த துண்டுகளை ஒரு நோட்டில் ஒட்டி, கதவிலிருக்கும் சின்னத் திறப்பு வழியாக நீட்டி, ‘முழு ஊசி’ என்று கேட்காரர் திருப்திப்பட்டால்தான் கதவு திறக்கும். அதுவரை முதலாளியே உள்ளே மாட்டினாலும் உள்ளேதான். ஒருமுறை மாட்டியும் இருக்கிறார்.

மிளகின் தங்கையும் அதே பட்டறையில்தான் ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் மீன் கிடங்கில் ஐஸ் உடைப்பவன். ஆள் மலை மாதிரி. பாளம் பாளமாக ஐஸை உடைத்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்த பிறகும் உடைப்பதை நிறுத்தவில்லை. முதலில் தட்டு, பிறகு கதவு, பிறகு அவள் விரல், போன மாதம் இடது மணிக்கட்டு. போன வாரம் ஐஸ் தொட்டிக்குள் அவள் தலையை அழுத்திப் பிடித்தான். கால் உதறுவது நின்ற பிறகுதான் தூக்கினான். “அடுத்த தடவை தூக்க மாட்டேன்” என்றான். குடித்துவிட்டுச் சொல்லியிருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். தெளிவாகச் சொன்னான்.

தீவிலிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு படகுதான், மதியம் ஒரு மணிக்கு. அதில் தங்கையையும் கைக்குழந்தையையும் ஏற்றிவிடுவது என்று மிளகு முடிவு செய்தாள். விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: மிளகு, தங்கை, ஜன்னலோரம் ஓவர்லாக் இயந்திரத்தில் துணிப்பிசிறை மடித்துத் தைக்கும் ஓவர்லாக் அக்கா. நாலாவதாக ஒரு காகிதத்துக்கும் தெரிந்திருந்தது. பத்து வருஷம் அந்தப் பட்டறைச் சட்டத்தில் ஊறிப்போன தங்கை, ஓடிப்போகிற அன்றைக்கும் முறைப்படி லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு ஐஸ்காரன் படியேறி வந்தான். இடுப்பில் ஐஸ் இழுக்கும் கொக்கி.

“எங்கடி அவ?”

“வாங்க மாப்பிள்ளை” என்றாள் மிளகு. “செருப்பைக் கழட்டிட்டு வாங்க. உங்க காலுக்கு வெள்ளைத்துணி தாங்காது.”

அவன் தங்கையின் காலி நாற்காலியை உதைத்தான். அது இரண்டு மேசை தள்ளிப் போய் விழுந்தது. போர்வைக் கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளி அடியில் பார்த்தான்.

“பஞ்சுக்குள்ள வச்சுத் தைச்சிட்டோம்” என்றாள் மிளகு. “அடுத்த கப்பல்ல திரும்பி வந்தாத் தர்றோம்.”

சூப்பர்வைசர் அம்மா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வந்தார். பொய் சொல்லத் தெரியாதவர். அதைத் தகுதியாக நினைத்துத்தான் அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

“சத்தம் போடாதீங்க. அவ இன்னைக்கு லீவு. இதோ எழுதிக் கொடுத்திருக்கா. காரணம், படகுப் பயணம்.”

பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்பது இயந்திரமும் ஒரே நேரத்தில் நின்றன. ஐஸ்காரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு முப்பத்தைந்து. படகுத்துறைக்கு ஐந்து நிமிஷ நடை. அவன் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்துத் திரும்பினான்.

மிளகு பெடலை மிதித்து, ஓடுகிற துணியைப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தாள். ஊசி இரும்புத் தகட்டில் மோதி ‘டக்’கென்று முறிந்தது. நுனி தெறிக்காமல் உள்ளங்கையால் மூடியிருந்தாள். வேர்வை துடைப்பது போல் கையை முகத்துக்குக் கொண்டுபோனபோது அது கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தது. குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டே தைக்கிறவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

“ஊசி உடைஞ்சிருச்சு!”

சூப்பர்வைசர் அம்மாவின் கை யோசிப்பதற்கு முன்னால் மணியை அழுத்திவிட்டது. கேட்காரர் இரண்டு நொடியில் பூட்டுபவர் என்று பெயர் வாங்கியவர். ஐஸ்காரனின் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிக் கதவு சாத்திக்கொண்டது.

“தொறடா!”

திறப்பில் கேட்காரரின் கண் தெரிந்தது. “நுனி கிடைச்சுதா சார்?”

அவன் கொக்கியால் கதவை அடித்தான். தீப்பொறி பறந்தது. ஜன்னல்களைப் பார்த்தான். புயலுக்குப் பயந்து போட்ட கம்பிகள் அவன் தோளுக்கு அசையவில்லை. அதற்குள் பெண்கள் தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பழக்கம் அப்படி. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைக் கயிற்றில் கட்டி, சூப்பர்வைசர் அம்மா மூலை மூலையாக இழுத்துக்கொண்டு வந்தார். உள்ளே இருக்கும் ஆள் ஒவ்வொருவரையும் காந்தத்தால் தடவிப் பார்க்க வேண்டும் என்பதும் சட்டம். ஐஸ்காரன் எதிரில் வந்து நின்றார்.

“கொஞ்சம் கையைத் தூக்குங்க.”

காந்தம் ‘சப்’பென்று போய்க் கொக்கியில் ஒட்டிக்கொண்டது. “இது ஊசி இல்ல” என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் விட்ட அறையில் கண்ணாடி உடைந்தது. அவர் இயந்திரத்தின் மேல் விழுந்து, நெற்றி பிளந்து, அங்கேயே சரிந்தார்.

அப்புறம் அவன் நிறுத்தவில்லை. போர்வை விரிக்கும் மரச்சட்டத்தைப் பிடுங்கிக் கதவில் அடித்தான், சட்டம்தான் உடைந்தது. ஓர் இயந்திரத்தை அப்படியே தூக்கிப் பூட்டின்மேல் எறிந்தான், அது தன் பெடலோடும் வயரோடும் திரும்பி அவன் முழங்காலிலேயே விழுந்தது. வலியில் குனிந்தவன் நிமிர்ந்தபோது மிளகைப் பார்த்தான். அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசவில்லை.

அங்கேதான் மாட்டிக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. எல்லோரும் தரையைத் தேடிக்கொண்டிருக்க, அந்த மலைக்கு மட்டும் புத்தி வேலை செய்தது.

“எப்பவும் லொட லொடன்னு பேசுறவ, ஏன்டி இப்ப ஊமையா உட்கார்ந்திருக்க? வாயத் திற.”

அவள் உதட்டை இறுக்கித் தலையை ஆட்டினாள்.

தலைமுடியைப் பிடித்து நாற்காலியோடு தூக்கித் தரையில் அடித்தான். தாடையை ஒரு கையால் நெரித்து, மறுகை விரலை உள்ளே நுழைத்தான். மிளகு கடித்தாள். எலும்பு பல்லில் தட்டுகிற வரைக்கும் கடித்தாள். அவன் ஊளையிட்டுக்கொண்டு முகத்தில் குத்தினான், ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவது குத்தில் முன்பற்கள் போயின. நுனி கன்னச் சதைக்குள் இறங்கியது. வாயெல்லாம் ரத்தம். பல்லைத் துப்பினால் நுனியும் வந்துவிடுமோ என்று அவள் ரத்தத்தை விழுங்கினாள். அவன் எழுந்து விலாவில் உதைத்தான். காய்ந்த குச்சி ஒடிவது போல் இரண்டு சத்தம் கேட்டது.

“ஏய்!” என்றாள் ஓவர்லாக் அக்கா. ஐம்பத்தைந்து வயது, மூட்டுவலி, சத்தமாகப் பேசிக்கூட யாரும் கேட்டதில்லை. இரட்டைக் கட்டிலுக்கான போர்வை ஒன்றைத் தூக்கி அவன் தலைமேல் வீசினாள். “தேடினது போதும், வாங்கடி!”

தரையில் மண்டியிட்டிருந்த பெண்கள் எழுந்தார்கள். ஒருத்தி காலைப் பிடித்து இழுத்தாள். விழுந்தான். உடைந்த சட்டத்தின் கட்டைகள் ஆளுக்கொன்றாகக் கைக்கு வந்தன. பனிக்குத் தாங்கும் போர்வைதான் என்றாலும் அடிக்கு அவ்வளவாகத் தாங்கவில்லை. உள்ளேயிருந்து கொக்கி துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து ஒருத்தியின் தொடையைக் கீறியது. அவள் அலறிக்கொண்டே இஸ்திரிப் பெட்டியை எடுத்து அந்தக் கையின்மேல் போட்டாள். கொக்கி விழுந்தது. இரண்டு பேர் மார்பில், மூன்று பேர் காலில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

“என்ன சத்தம் அங்க?” என்றது திறப்பு. “நுனி கிடைச்சுதா?”

“தேடிட்டு இருக்கோம்யா! போலீஸக் கூப்பிடு!”

ஒரு மணிக்குப் படகு ஊதியது. போர்வைக்குள் இருந்தவன் அதைக் கேட்டு ஒரே உதறலில் ஒருத்தியைச் சுவரில் அடித்தான். கையிலிருந்த கட்டைகள் மறுபடி இறங்கின. மிளகு தரையில் சுருண்டு கிடந்தாள். வாயைத் திறக்கவில்லை. படகு ஊதினால் மட்டும் போதாது. துறையிலிருந்து கை காட்டினால் படகுக்காரன் திரும்பி வந்து ஆளேற்றுகிற இளகிய மனசுக்காரன். பவளப்பாறைகளைத் தாண்டிவிட்டால்தான் திரும்பமாட்டான். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். ஓவர்லாக் அக்கா கையில் கட்டையோடு ஜன்னலோரம் நின்றாள். நேரம் போகவே இல்லை. மிளகு மூச்சு விடும்போதெல்லாம் விலாவில் ஏதோ உரசியது.

“தாண்டிருச்சு” என்றாள் அக்கா.

மிளகு இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, கன்னச் சதையிலிருந்து நுனியை இழுத்தாள். சட்டையில் துடைத்தாள். தவழ்ந்துபோய், நெற்றியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் அம்மாவின் நோட்டில் வைத்தாள்.

“இது… வாய்க்குள்ள எப்படி?”

“தெறிச்சுது.”

“இவ்வளவு நேரமா தெரியலையா உனக்கு?”

“அடி வாங்கிட்டு இருந்தேன்ல, கவனிக்கல.”

நோட்டு திறப்பு வழியாகப் போனது. கேட்காரர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “முழு ஊசி” என்றார். பூட்டுத் திறந்தது. படியில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். பட்டறைச் சட்டம் என்றவுடன் அவர்களும் காத்திருந்திருக்கிறார்கள். ஐஸ்காரனைப் போர்வையோடு கீழே இறக்கினார்கள். மிளகு கடித்த விரலைத் தைக்க முடியாமல் போயிற்று. எட்டு மாதம் உள்ளே இருந்தான். வெளியே வந்தபோது தங்கை எந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று சொல்ல அந்தத் தீவில் யாருக்கும் தெரியவில்லை. மிளகுக்குத் தெரியும். அவளிடம் கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

அவளுக்கு நாலு பல் போயிற்று, இரண்டு விலா எலும்பு முறிந்தது. பத்து நாள் கழித்து வேலைக்கு வந்து, எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புது ஊசி மாட்டினாள்.

தங்கையின் படகு பவளப்பாறைகளைத் தாண்டும்வரை கதவு திறக்கக் கூடாது என்பதற்காக, அவள் வேண்டுமென்றே ஊசியை உடைத்து, நுனியை வாய்க்குள் வைத்துக்கொண்டு, நாற்பத்தைந்து நிமிஷம் வாய் திறக்காமல் இருந்தாள்.