அக்கா எழுதாத செய்முறைத் தேர்வு

ஐயப்பனை வணங்கி, அக்கா நம்மை விட்டுப் போன முதலாண்டு நினைவு நாளில் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேறொரு பிழையைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதைப் பொறுப்பதும் பொறுக்காததும் உங்கள் விருப்பம். அக்கா காலேஜ் படிப்பில் பெயிலானவர் என்றுதான் நம் சொந்தத்தில் எல்லோரும் நினைத்திருக்கிறீர்கள். அது பொய். அந்தப் பொய்க்குக் காரணம் நான்.

அக்கா செய்யூர் பக்கம் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கியவர்கள். இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பன்னிரண்டாவது முடித்திருந்த அக்கா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவும் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. அப்புறம் எடுக்க ஆளில்லை.

“இன்னாத்த கழுவுறோம்னே தெரியாம கழுவிகினு கீறேன்டா” என்பார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் தொண்ணூறுகளின் கடைசியில் அஞ்சல் வழியில் உயிர்வேதியியல் சேர்ந்தார். முதலாண்டு தேறினால் பரிசோதனை மேசையில் உட்கார வைப்பதாக நிலையத்துக்காரர் சொல்லியிருந்தார். பாடங்கள் பழுப்பு உறையில் தபாலில் வரும். அரிசி களையும்போதும் புரதம், மாவுச்சத்து என்று முணுமுணுப்பார்.

“மந்திரமாக்கா?” என்று கேலி செய்வேன்.

“ஆமாண்டா, வவுத்துக்குள்ள நடக்கற பூஜ.”

மாதம் ஒரு ஞாயிறு சென்னையில் வகுப்பு. ரயிலில் நின்றுகொண்டே போய் வருவார். அங்கே செய்த சோதனைகளை எழுதி, ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கிய ரெக்கார்டு நோட்டு இருந்தால்தான் செய்முறைத் தேர்வுக்கு உள்ளே விடுவார்கள்.

அந்தக் கார்த்திகையில் நான் முதன்முதலாக மாலை போட்டேன். கன்னிசாமி. குருசாமியைவிட எனக்குத்தான் ஆசாரம் அதிகம். ஒரு வெள்ளிக்கிழமை நம் வீட்டில் பஜனை. வேலை முடிந்து வந்து அடுப்படியில் நுழைந்தால், மேடையில் உடைத்த முட்டை! பக்கத்தில் காஸ்டிக் சோடா, மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், திறந்த ரெக்கார்டு நோட்டு.

“மால போட்ட வூட்ல முட்டயா?” என்று கத்தினேன்.

“திங்கறதுக்கு இல்ல சாமி. ஞாயித்துக்கெழம பரீட்ச. வெள்ளக்கருவுல புரதம் கீதான்னு ஒருவாட்டி செஞ்சி பாக்கறேன். இதோ பாரு சாமி, கலரு மாறுது.”

நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்ப் பின்பக்கம் எரிந்த வெந்நீர் அடுப்பில் போட்டேன். நோட்டும் அதோடு போனது.

அக்கா திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். மேடையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். “ஆளுங்க வர்ற நேரம். குளிச்சிட்டு வா சாமி” என்றார். அன்றைக்குச் சரணம் சொன்னவர்களில் என் குரல்தான் பெரியது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ரயிலேறவில்லை. மறுபடி சேரவும் இல்லை. கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாணத்தில் சித்தப்பா பந்தியிலேயே கேட்டார், “இன்னாம்மா, பாஸா பெயிலா?”

“பெயிலு சித்தப்பா.”

“குழா கழுவற பொண்ணுக்கு இன்னாத்துக்கும்மா காலேஜு?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் பாயசம் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

சில ஆண்டுகள் கழித்து அக்காவின் கால்கள் வீங்கின. பரிசோதனைச் சீட்டை எனக்கு முன்னால் அவரே படித்தார். “அன்னிக்கி முட்டையில பாத்தேனே, அதே சத்து என் ஒடம்புலேர்ந்து சிறுநீர்ல போவுதுடா. கிட்னி போச்சு” என்றார். சொன்னது டாக்டரில்லை, அக்கா. எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

டயாலிசிஸ் தொடங்கியதும், தினமும் வேகவைத்த முட்டையின் வெள்ளைக்கரு கொடுக்கச் சொன்னார் டாக்டர். போன கார்த்திகையிலும் நான் மாலை போட்டிருந்தேன். முட்டையை என் மனைவியிடம் விடாமல் நானே வேகவைத்து, உரித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“மால போட்டுகினு முட்ட உரிக்கிற. சாமி கோச்சிக்காதா?” என்று சிரித்தார் அக்கா.

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “அன்னிக்கி அது இன்னா கலரு ஆச்சுக்கா?” என்றுதான் கேட்க முடிந்தது.

“கத்திரிப்பூ கலரு. நல்லா வந்துது சாமி. நீதான் பாக்கல.”

மாலை கழற்றும் முன்பே அக்கா போய்விட்டார். அந்த வருடம் நான் மலைக்குப் போகவில்லை.

ஊசி போடும்போதெல்லாம் “அக்கா” என்றே கூப்பிட்ட டயாலிசிஸ் செவிலியர்களுக்கும், அக்காவோடு குழாய் கழுவி, கடைசி நாளில் ஒரு பொழுது வேலையை விட்டு ஓடி வந்த பெண்களுக்கும், வாரம் இரண்டு முறை கூலி கேட்காமல் ஆட்டோ ஓட்டிய எதிர்வீட்டுத் தம்பிக்கும் கைகூப்புகிறேன். உறவினர்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி எங்காவது பேச்சு வந்தால் அக்கா பெயில் என்று சொல்லாதீர்கள். அவருக்குப் பாடம் வந்தது. தம்பி எரித்துவிட்டான் என்று சொல்லுங்கள்.