இடது தொடையும் வைட்டமின் மாத்திரையும்

மாவுக்கட்டைப் பிரித்த அன்று என் இடது தொடை வேறு யாருடையதோ போலச் சூம்பிக் கிடந்தது. ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டியில், துளைக்கிற இரும்பு ராடு மாட்டுகிறவன் நான். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேறு தொழில் தெரியாது. ஆயுத பூஜை முடிந்ததும் வண்டி வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் கால் தேறாவிட்டால் முதலாளி வேறு ஆளை ஏற்றிக்கொள்வார்.

பிசியோதெரபி அம்மா சொன்னபடி காலில் மணல் மூட்டை கட்டித் தூக்கினேன். மறுநாள் தொடை தீயாய் எரியும். நரம்புதான் அறுந்துவிட்டதோ என்று பயந்து சாவேன். என் மனைவி எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறாள். கோடையில் கோழி சுருண்டு விழாமலிருக்கத் தண்ணீரில் வைட்டமின் கலந்து வைப்பார்கள். கோழிக்குச் சூடு தணிகிறது, தொடைக்குத் தணியாதா என்பது அவள் கணக்கு. மருந்துக்கடையில் சி, ஈ மாத்திரை இரண்டும் வாங்கி வந்தாள். ஒன்று போட வேண்டிய இடத்தில் நான் மூன்றாய்ப் போட்டேன். எரிச்சல் குறைந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் தொடையைச் சுற்றிக் கயிறு வைத்துப் பார்த்தால் முதல் நாள் அளவுக்குப் போட்ட முடிச்சு நகரவே இல்லை. அவள் இல்லாத நேரமாய்ப் பார்த்து அளந்துகொண்டே இருந்தேன்.

பிசியோ அம்மா விசாரித்தபோது மாத்திரையைச் சொன்னேன்.

"ஏனுங்ண்ணா, சதை போடோணும்னு ஒடம்புக்குச் சேதி சொல்றதே மூட்டை தூக்கினா வர்ற அந்தச் சூடுதானுங்க. நீங்க மாத்திரையை அள்ளிப் போட்டு அதை அமுக்கறீங்க."

அதனால்தான் தேறவில்லையா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, இவ்வளவு போட்டால் சிலருக்குச் சதை வளர்வதைக் கொஞ்சம் தடுக்கலாம் என்கிறார்கள், நிறுத்திவிட்டு முட்டையும் பருப்பும் சாப்பிடுங்கள் என்றார். உறுதியில்லாத பதில்தான் என்னைக் கொல்லும். போட்டால் கெடுதலா, நிறுத்தினால் கெடுதலா?

வீட்டில் சொன்னதும் மனைவி முகம் சுருங்கிவிட்டது.

"கோழிக்கு நல்லதுன்னுதானுங்க வாங்கியாந்தேன்."

"நானும் கோழியாட்டந்தான் வெடவெடன்னு இருக்கறேன், உடு புள்ள."

மாத்திரை நின்றது. எரிச்சல் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கினேன். முடிச்சு நகர்ந்ததா, நான் கயிற்றைத் தளர்த்திப் பிடித்தேனா, எனக்கே நிச்சயமில்லை.

கிளம்பும் நாளன்று வண்டிக்கு வாழைக்கன்று கட்டியிருந்தது. நான் நடந்து வருவதையே முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். சௌக்கியம்கூடக் கேட்கவில்லை.

"எடது காலை ஊனி மேல ஏறப்பா, பார்க்கலாம்."

கம்பியைப் பிடித்தேன். கையை விடச் சொன்னார். விட்டுவிட்டு உடம்பைத் தூக்கினேன். தொடை உதறியது. மடங்கிவிடும் என்றே நினைத்தேன். மடங்கவில்லை. மேலே நின்றபோது முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"ராடு தூக்க இது பத்தாது. இந்தத் தடவை கம்ப்ரசரைப் பார்த்துக்கிட்டு நில்லு, அதுல தூக்கற வேலை இல்லை."

சரிங்க என்றேன். வழியனுப்ப வந்திருந்த மனைவி கீழிருந்து என் பையை நீட்டினாள். குனிந்து வாங்க வேண்டும். குனிந்தால் முதலாளி கண்ணெதிரே இந்தக் காலை ஊன்றி நிமிர முடியுமா என்ற கவலை அதற்குள் வந்துவிட்டது.