ஓவர் சொன்ன பிறகு

கலியாணம் முடித்த புதிதில், ஓவர் என்ற இங்கிலிஷ் சொல் எனக்கு நன்றாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கிரிக்கெட்டில் ஆறு பந்து போட்டால் ஓவர். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒருத்தி பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு வந்தால், "சரியான ஓவர்" என்று கோயிலின் பின்வரிசை வாங்கில் இருந்து குசுகுசுப்போம். கரண்ட் நின்றுவிட்டால் படம் ஓவர். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் இருப்பதைப் படகு முதலாளியின் வீட்டில், ரேடியோ செட்டுக்கு முன்னால் அவமானப்பட்டுத்தான் அறிந்துகொண்டேன்.

என் கணவர் பலநாள் படகில் தொழிலுக்குப் போனவர். கொட்பேத் துறையிலிருந்து புறப்பட்டால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். கரை மறைந்ததும் கைத்தொலைபேசி வேலை செய்யாது. பிறகு அவருடைய குரலைக் கேட்க முதலாளி வீட்டு செட் ஒன்றுதான் வழி.

முதல் நாள் இரைச்சலுக்கு நடுவே அவருடைய குரல் வந்தது. "சாப்பிட்டனீயா? இஞ்ச கடல் பரவாயில்லை. ஓவர்."

அவ்வளவுதானா என்று எனக்கு மனம் விழுந்துவிட்டது. மைக்கை வைத்துவிட்டு எழும்பி நடந்தேன். முதலாளியின் மனைவி கேற்றடிக்கு ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"எங்க போறீங்கள்? அவர் அங்க காத்துக்கொண்டு நிக்கிறார்!"

"ஓவர் எண்டு சொல்லிப்போட்டாரே, அக்கா."

"ஐயோ, அது முடிஞ்சுது எண்டில்லை. இனி நீங்கள் கதையுங்கோ எண்டு அர்த்தம்."

திரும்பிப் போய் உட்கார்ந்தபோது வேறொரு படகிலிருந்து யாரோ சிரித்தார்கள். "அண்ணி கோவிச்சுக்கொண்டு போயிட்டா போல. ஓவர்!" கடலில் நின்ற எல்லாப் படகுகளுக்கும் எங்கள் கதை கேட்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால் எப்போதும் ஊர் கேட்கக்கூடியதை மட்டுமே கதைத்தேன். ஓம், சாப்பிட்டனான். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிட்டுது. மற்றதெல்லாம் தொண்டையோடு நின்றுவிடும்.

ஒரு வருடம் வாடைக்காற்று தொடங்கிய நேரத்தில் அவர்களுடைய எஞ்சின் பழுதாகிவிட்டது. படகு நீரோட்டத்தில் இழுபடுகிறது, பற்றரி இறங்குகிறது என்று மட்டும் சொன்னார். பிறகு குரல் இல்லை. முதலாளி கடற்படைக்கும் மற்றப் படகுகளுக்கும் அறிவித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கதைக்கத்தான் கூடக் கரண்ட் வேணும். கேக்கிறதுக்குக் கொஞ்சம் காணும். அவையளால பதில் சொல்ல ஏலாட்டியும், நீங்கள் கதைச்சால் கேக்கும். வந்து கதையுங்கோ, தங்கச்சி."

ஒவ்வொரு பின்னேரமும் போனேன். கதைத்து, ஓவர் சொல்லி, பொத்தானிலிருந்து விரலை எடுப்பேன். இரைச்சல் மட்டும் வரும். அந்த இரைச்சலுக்குள் அவர் இருக்கிறார் என்று நம்பிக் காது கொடுத்திருப்பேன். மற்றப் படகுக்காரர் ஒருவரும் குறுக்கே கதைக்கவில்லை, பகிடி விடவில்லை.

ஒரு நாள், ஊர் கேட்கிறதே என்ற நினைப்பே எனக்கு விட்டுப்போயிற்று.

"மழைக்கு நீங்கள் படுக்கிற பக்கம் ஒழுகுது. பாயை இழுத்துப் போடாமல் அதிலதான் படுக்கிறன். உங்கட மணம் அதிலதான் இருக்கு. நீங்கள் கரையில நிக்கேக்க நான் சண்டை பிடிக்கிறது, திரும்பிப் போயிடுவீங்கள் எண்ட கோவத்திலதான். எனக்கு ஒண்டும் கொண்டுவர வேண்டாம். குசினிக்குள்ள வந்து சும்மா நிண்டாக் காணும். ஓவர்."

முதலாளியின் மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கிண்ணியா ஊர்ப் படகொன்று அவர்களைக் கண்டு கட்டி இழுத்துவந்தது. உதடு வெடித்து, கருகிப்போய் இறங்கினார். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தபிறகுதான் கேட்டேன்: "நான் கதைச்சது கேட்டதா?"

"பற்றரி அண்டைக்கே செத்துப்போச்சு. ஒண்டும் கேக்கேல்ல. என்ன சொன்னனீ?"

அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கிண்ணியாப் படகோட்டியிடம் போய்க் கேட்டிருக்கிறார். நானா என்று நாங்கள் கூப்பிடும் அந்த முஸ்லிம் அண்ணன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டன் தம்பி. அது ஒங்களுக்குச் சொன்ன கதை, நான் சொல்றது சரியில்ல. ஊட்டுக்குப் போங்க" என்றாராம்.

அதற்குப் பிறகு அவருக்குப் படகு பிடிக்கவில்லை. ஓமானில் ஒரு துறைமுகத்தில் வேலைக்குப் போனார். இப்போது போனில் முகம் பார்த்தே கதைக்கிறோம். ஒட்டுக்கேட்க ஒருவரும் இல்லை. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்திவிடுகிறோம். நீ சொல்லு, இல்லை நீங்கள் சொல்லுங்கோ என்பதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது.

போன கிழமை, லீவு இந்த முறையும் தள்ளிப்போய்விட்டது என்றார். பிறகு, "அண்டைக்கு செட்டில என்ன சொன்னனீ? இண்டைக்காவது சொல்லன்" என்றார்.

பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, மழையிலிருந்து தொடங்கி முழுவதையும் சொன்னேன். திரும்பிப் பார்த்தால், போனைக் கட்டிலில் வைத்துவிட்டார். அந்த அறையின் கூரை மின்விசிறி மட்டும் தெரிந்தது.

"இருக்கிறீங்களா?"

"இருக்கிறன்." "இன்னுமொருக்காச் சொல்லு."

இரண்டாம் முறை சொல்லத் தொடங்கும்போது, வேலைக்கு ஏற்றிப்போகும் வான் கீழே ஹோன் அடித்தது. சட்டையை மாட்டிக்கொண்டே போனைக் கையில் எடுத்தார். படியிறங்கும்வரை கேட்டுக்கொண்டு போனார். வானுக்குள் மற்ற ஆட்கள் இருந்தார்கள். "பிறகு எடுக்கிறன்" என்றார்.

மார்கழியில் வரப் பார்க்கிறாராம்.